களம் பெயர்ந்த கழகம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. தேரைச் செய்தவன் தச்சன். அதற்குப் பொருள் ஈந்தவன் செல்வன். ஆயினும் வடம் பிடிக்க ஊரார் வாராவிடில், தேர் நிலையை விட்டு ஓரடியும் நகராது. காற்பந்துக் கழகங்களின் நிலையும் இத்தகையதே. களத்தில் ஆடுவோர் பதினொருவர். பொருள் கொடுப்போர் ஒருவரோ இருவரோ. ஆனால் வெயிலென்றும் மழையென்றும் பாராது வாரந்தோறும் வந்து வரிசைகளில் அமரும் உள்ளூர் மக்களே அக்கழகத்தின் உயிர்.

கொல்கத்தா மாநகரில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வங்கத்து அன்பர்கள் சோற்றையும் மறப்பர். மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் மறவார். நம்மவர்க்கும் அப்பெருமையில் பங்குண்டு. தெற்கேயிருந்து வந்த அருமைநாயகம் மோகன் பகானின் உடையில் இந்நகரத்தாரின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டார். பீட்டர் தங்கராஜ், மகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் கோல் காவலராக நின்று புகழெய்தினார். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் பாரதம் தங்கப் பதக்கம் வென்றபோது அவ்விருவரும் அணியில் இருந்தனர். லேக் மார்க்கெட் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில், அப்பெயர்களைக் கேட்டதும் முகம் மலரும் பெரியவர்கள் இன்றும் உளர்.

இத்தகைய நகரில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கழகம் தளர்ச்சியுற்று நிற்கும்போது, அதன் சொந்த ஊர் ரசிகர்கள் ஆட்டம் காண வருவதை நிறுத்திவிடுகின்றார்களே, அது ஏன்? “தோற்கும் குதிரை மீது யார் பணம் கட்டுவார்?” என்று எளிதில் விடை கூறிவிடுவோர் பலர். இவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய, இங்கிலாந்து நாட்டுக் கழகம் ஒன்றின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அக்கழகம் விம்பிள்டன். டென்னிஸ் ஆட்டத்தால் உலகறிந்த அதே ஊரில், ஏழை எளியோரும் நடுத்தர மக்களும் போற்றி வளர்த்த காற்பந்துக் கழகம் அது.

சிற்றூர்க் கழகத்தின் பெருவாழ்வு

விம்பிள்டன் கழகம் பிறந்தது 1889-ஆம் ஆண்டில். நம் மோகன் பகான் பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. லண்டன் மாநகரின் தென்மேற்கே, ஊர்ப் பொதுவெளியாகிய விம்பிள்டன் காமனில் விளையாடத் தொடங்கிய அக்கழகம், 1912-இல் பிளவ் லேன் என்னும் சிறு மைதானத்திற் குடிபுகுந்தது. அன்று முதல் எழுபத்தொன்பது ஆண்டுகள் அதுவே அதன் வீடு. ஊதியமின்றி ஆடுவோர்க்கான தேசியக் கோப்பையை 1963-இல் வென்றதே நெடுங்காலம் அதன் தலையாய பெருமையாக இருந்தது.

1975-இல் அதன் பெயர் நாடெங்கும் பரவிற்று. தேசியத் தொடரில் இடமே பெறாத இச்சிறு கழகம், எப்.ஏ. கோப்பைப் போட்டியில் முதற்பிரிவைச் சேர்ந்த பர்ன்லியை அதன் மைதானத்திலேயே வென்றது. அடுத்து, இங்கிலாந்தின் அந்நாளைய சாம்பியனாகிய லீட்ஸ் யுனைட்டடை எதிர்த்து, கோல் ஏதுமின்றிச் சமநிலை கண்டது. லீட்ஸ் வீரர் பீட்டர் லோரிமர் உதைத்த பெனால்டியைக் கோல் காவலர் டிக்கி கை தடுத்து நிறுத்தினார். மறு ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றாலும், தோல்வியும் சில வேளைகளில் வெற்றியினும் பெரிதாகும் என்பதை அவ்வூரார் அன்று கண்டனர்.

1977-இல் தேசியத் தொடரில் நான்காம் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒன்பதே ஆண்டுகளில், 1986-இல், முதற்பிரிவை எட்டிற்று. 1988-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வெம்பிளி அரங்கில் 98,000-க்கு மேற்பட்ட மக்கள் சூழ்ந்திருக்க, எப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வலிமை மிக்க லிவர்பூலை 1–0 என வென்றது. கோல் அடித்தவர் லாரி சான்செஸ். ஜான் ஆல்ட்ரிட்ஜ் உதைத்த பெனால்டியைத் தடுத்தவர் அணித்தலைவரும் கோல் காவலருமான டேவ் பெசன்ட். பதினோராண்டுகளுக்கு முன் தேசியத் தொடரில் இல்லாத ஒரு கழகம் நாட்டின் தலையாய கோப்பையைக் கைக்கொண்டது, காற்பந்து வரலாற்றின் அரிய செயல்களுள் ஒன்றாகும்.

வீட்டை இழந்த வரலாறு

ஏற்றத்தின் உச்சியிலேயே இறக்கமும் தொடங்கிற்று. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் 97 லிவர்பூல் ரசிகர்கள் மாண்டனர். அக்கொடுமையை விசாரித்த டெய்லர் நீதிபதி, மேற்பிரிவுக் கழகங்களின் மைதானங்களில் நின்று பார்க்கும் இடங்களை நீக்கி, எல்லோர்க்கும் இருக்கை அமைத்திடல் வேண்டும் என 1990-இல் பரிந்துரைத்தார். உயிர் காக்கும் பொருட்டு எழுந்த அப்பரிந்துரையை யாரும் குறைகூற இயலாது. ஆயினும் பிளவ் லேனைப் போன்ற சிறிய, பழைய மைதானங்களை அவ்வாறு மாற்றியமைக்கப் பெரும்பொருள் வேண்டும்.

கழகத்தார் அம்மைதானத்தைச் செப்பனிடுவது கட்டுபடியாகாது என்று முடிவு செய்தனர். 1991-இல், ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள, கிரிஸ்டல் பேலஸ் கழகத்திற்குரிய செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்திற்கு வாடகைக் குடியாகச் சென்றனர். சில ஆண்டுகளில் சொந்த ஊருக்குத் திரும்புவோம் என்ற நம்பிக்கை ரசிகர்களுக்கு இருந்தது. ஆனால் 1998-இல் பிளவ் லேன் பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. பிற்பாடு அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1993-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், எவர்ட்டன் கழகத்துடன் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் நடந்த ஆட்டத்தைக் காண வந்தோர் 3,039 பேர் மட்டுமே. பிரிமியர் லீக் தொடரில் ரசிகர் வருகைக்குக் கட்டுப்பாடு ஏதுமில்லாதிருந்த ஓர் ஆட்டத்திற்கு இத்துணைக் குறைவாக மக்கள் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்போது கழகம் தாழ்வுற்றா கிடந்தது? இல்லை. நாட்டின் தலையாய பிரிவில் நிலைத்து நின்றது; அடுத்த பருவத்திலேயே ஆறாம் இடம் பெற்றது. வெற்றியிருந்தும் வரிசைகள் நிறையவில்லை. “தோல்வியே காரணம்” என்போர் முதலில் விடை சொல்ல வேண்டிய இடம் இது.

அக்காலத்தே வேறொரு மாறுதலும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1992-இல் பிரிமியர் லீக் தோன்றியதும், தொலைக்காட்சி உரிமையால் வரும் வருவாய் பெருகிற்று. முன்னாளில் வாயிற்கட்டணமே கழகத்தின் முதன்மை வருவாய். ரசிகர் வாராவிடில் உலை பொங்காது. தொலைக்காட்சிப் பணம் வந்தபின், எதிரே அமர்ந்திருப்போரின் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்ற அச்சம் உரிமையாளர்க்குக் குறைந்தது. கழகம் என்பது ஓர் ஊரின் பொதுச்சொத்து என்ற எண்ணம் மறைந்து, தொடரில் ஓர் இடத்திற்கான அனுமதிச் சீட்டு என்ற எண்ணம் தலைதூக்கிற்று. அச்சீட்டை எந்த ஊருக்கும் கொண்டு செல்லலாம் அன்றோ? 1997-இல் நார்வே நாட்டுச் செல்வர் இருவர் கழகத்தின் பெரும்பங்கை வாங்கினர். கழகத்தை அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கொண்டுசெல்லும் யோசனையும் அக்காலத்தே எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது.

2000-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் கழகம் பிரிமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிற்று. எப்.ஏ. கோப்பையை வென்று சரியாகப் பன்னிரண்டாண்டுகள் நிறைந்த நாள் அது.

வெறிச்சோடிய வரிசைகள்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர் வடக்கேயுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கழகத்தைக் கொண்டுசெல்லப் போவதாக நிர்வாகத்தார் அறிவித்தனர். மில்டன் கீன்ஸ் 1967-இல் அரசால் திட்டமிட்டு அமைக்கப்பட்ட புதுநகரம். அங்கு மக்கள் தொகை மிகுதி. தேசியத் தொடரில் ஆடும் கழகம் ஏதுமில்லை.

நிர்வாகத்தார் பக்கத்து நியாயத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் முறை. கழகத்துக்குச் சொந்த மைதானம் இல்லை; ஆண்டுதோறும் பெருநட்டம்; மேற்பிரிவிலிருந்து இறங்கியதால் தொலைக்காட்சி வருவாயும் சுருங்கிற்று. ஊர் மாறாவிட்டால் கழகமே அழியும் என்பது அவர்கள் வாதம். ஊர் மாறினால் கழகம் என்று சொல்ல என்ன எஞ்சும் என்பது ரசிகர்கள் வாதம்.

தொடரை நடத்துவோர் முதலில் இசைவு தரவில்லை. வழக்கு மேன்மேலும் சென்று, இறுதியில் மூவர் கொண்ட ஆணையத்தின் முன் வந்தது. 2002-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், மூவருள் இருவர் இசைய, ஒருவர் மறுக்க, ஊர் மாற அனுமதி வழங்கப்பட்டது. ரசிகர்களே புதுக்கழகம் ஒன்றைத் தொடங்குவது காற்பந்து விளையாட்டின் பரந்த நலனுக்கு உகந்ததாகாது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

கழகம் உடனே ஊர் மாறவில்லை. மில்டன் கீன்ஸில் இடம் ஆயத்தமாகும் வரை செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆடிற்று. ஆனால் காண்போர் இல்லை. 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ராதரம் கழகத்துடன் நடந்த ஆட்டத்திற்கு வந்தோர், எதிரணி ரசிகர்களையும் சேர்த்து, 849 பேர். இருபத்தாறாயிரம் பேர் அமரத்தக்க அரங்கில், வீரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைக்கும் ஓசை கூரையில் மோதித் திரும்பிற்று என்றால் மிகையாகாது.

இந்த வெறுமையை அன்பு வற்றியதன் அடையாளமாகக் கொள்ள இயலுமா? கொள்ள இயலாது என்பதற்கு, சில கிலோமீட்டர் தொலைவில் அதே மாதங்களில் நடந்துகொண்டிருந்ததே சான்று.

தோற்ற கழகத்திற்குத் திரண்ட கூட்டம்

தீர்ப்பு வந்த இரண்டு நாட்களில், மே 30-ஆம் நாள், ரசிகர்கள் கூடிப் புதுக்கழகம் காண முடிவு செய்தனர். ஏ.எப்.சி. விம்பிள்டன் என அதற்குப் பெயரிட்டனர். கழகம் ரசிகர்களுக்கே சொந்தம். உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு. ஆனால் ஆட்டக்காரர் ஒருவரேனும் இல்லை. ஜூன் 29-ஆம் நாள், ஆட விரும்புவோர் எவரும் வரலாம் என அழைப்பு விடுத்தனர். ஏறத்தாழ 230 பேர் வந்தனர். தேர்வு நடந்த இடம் விம்பிள்டன் காமன். 1889-இல் முன்னோர் பந்துதைத்துத் தொடங்கிய அதே பொதுவெளி.

ஜூலை 10-ஆம் நாள், சட்டன் யுனைட்டட் கழகத்துடன் நட்பாட்டமாக முதல் ஆட்டம் நடந்தது. ஏ.எப்.சி. விம்பிள்டன் 0–4 எனத் தோற்றது. காண வந்தோர் 4,657 பேர்! பத்தாண்டுகளுக்கு முன் பிரிமியர் லீக்கில் எவர்ட்டனைக் காண வந்தோரைவிட, முன்பின் அறியாத வீரர்கள் நான்கு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தைக் காண வந்தோர் மிகுதி. அப்பருவம் முழுதும், மாவட்ட அளவிலான கீழ்த்தொடர் ஒன்றில், கிங்ஸ்டனிலுள்ள கிங்ஸ்மெடோ என்னும் சிறு மைதானத்தில் இப்புதுக்கழகம் ஆடிற்று. அங்கு வந்த கூட்டத்தின் சராசரி, பல படிகள் மேலேயிருந்த மூத்த கழகத்திற்கு வந்த கூட்டத்தின் சராசரியை விஞ்சிற்று.

அதன் பின்னர் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். மூத்த கழகம் 2003 ஜூன் திங்களில் கடன்சுமையால் நொடிப்பு நிருவாகிகளின் கையில் விழுந்து, செப்டம்பரில் மில்டன் கீன்ஸில் ஆடத் தொடங்கி, 2004-இல் தன் பிரிவின் கடைசி இடத்தில் முடிந்து கீழிறங்கிற்று. அவ்வாண்டே விம்பிள்டன் என்ற பெயரையும் நீக்கி, மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று பெயர் பூண்டது. 2007-இல், பழைய கோப்பைகளையும் நினைவுப் பொருள்களையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. புதுக்கழகமோ, 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை தொடர் ஆட்டங்களில் 78 முறை தோல்வியறியாது ஆடிற்று. 2011-இல் லூட்டன் கழகத்தைப் பெனால்டி உதைகளில் வென்று தேசியத் தொடருக்குத் திரும்பிற்று. 2016-இல் மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்து, மில்டன் கீன்ஸ் கழகத்துடன் ஒரே பிரிவில் ஆடிற்று.

2020-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், பழைய மைதானத்திற்குக் கூப்பிடு தொலைவில், பிளவ் லேனிலேயே கட்டிய புது அரங்கில் முதலாட்டம் நடந்தது. ரசிகர்கள் தம் சேமிப்பைக் கடன்பத்திரங்களாக ஈந்து எழுப்ப உதவிய அரங்கு அது. ஆயினும் உலகைக் கவ்விய கொரோனா நோயினால் அன்று ஒரு ரசிகரும் உள்ளே செல்ல அனுமதியில்லை. வீடு திரும்பிய நாளில் வரிசைகள் காலியாகவே இருந்தன. 2002-இல் கண்ட வெறுமையும் 2020-இல் கண்ட வெறுமையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முன்னது வர மனமின்றி விட்ட வெறுமை. பின்னது வரத் துடித்தோர் வர இயலாத வெறுமை.

நாம் அறியக் கிடப்பவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. முதலாவது, தோல்வி மட்டுமே ரசிகரை விரட்டுவதில்லை. தோற்கும் காலத்தில்தான் அன்பு சோதிக்கப்படுகின்றது. அச்சோதனையில் தேறுவோரே பலர். இரண்டாவது, தொலைவும் செலவும் கூட்டத்தைக் குறைக்கும். ஆயினும் அடியோடு அழிப்பதில்லை. மூன்றாவதும் முதன்மையானதும் யாதெனில், “இது எம்முடையது” என்ற உணர்வு அறுபடும்போதுதான் வரிசைகள் முற்றிலும் வெறிச்சோடுகின்றன. வாக்களிக்கும் உரிமையில்லாதவன், ஆலோசனை கேட்கப்படாதவன், தன்னிடம் எஞ்சியுள்ள ஒரே வாக்கை, அதாவது தன் வருகையை, மறுத்துக் காட்டுகின்றான்.

இச்செயலுக்கு விலையும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. வெற்றரங்கில் ஆடிய அந்நாளைய வீரர்கள் எக்குற்றமும் செய்தவரல்லர். தந்தையர் கைப்பிடித்துச் சென்ற கழகத்தைத் துறந்த பலர், அந்த இழப்பைச் சுமந்தே வாழ்கின்றனர். மில்டன் கீன்ஸில் பிறந்து, அங்குள்ள கழகத்தை நேசித்து வளர்ந்த சிறுவர்களின் அன்பும் பொய்யன்று. அது எவ்வாறு அவ்வூருக்கு வந்தது என்பதற்கு அவர்கள் பொறுப்பாளிகள் ஆகார்.

நம் நகரிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். பிள்ளைகளை ஆட்டத்திற்கு அனுப்ப அன்னையர் அஞ்சிய காலம் அது. எனினும் 1997 ஜூலை 13-ஆம் நாள், அதே இரு கழகங்களைக் காண சால்ட் லேக் அரங்கில் 1,30,000-க்கு மேற்பட்டோர் திரண்டனர். அச்சமும் அன்பை அழிக்கவில்லை. பின்னர் 2020-இல், மோகன் பகானின் காற்பந்துப் பிரிவு ஏ.டி.கே. கழகத்துடன் இணைந்து, அப்பெயரை முன்னே தாங்கி ஆடிற்று. அணி தளரவில்லை, வெற்றிகள் வந்தன. ஆயினும் பெயரின் முன் நின்ற அம்மூன்றெழுத்தை நீக்கக் கோரி ரசிகர்கள் ஓயாது குரலெழுப்பினர். 2023 மார்ச்சு 18-ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அன்றே, அவ்வெழுத்துகள் நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. கோப்பை ஒரு கையில் இருந்தும், பெயரை மறவாது கேட்டனர் ரசிகர்.

பஞ்சாபின் ஜே.சி.டி. கழகத்தின் கதை வேறு. 1996–97-இல் முதலாவது தேசியக் காற்பந்துத் தொடரை வென்ற அக்கழகத்தை, 2011-இல் அதன் நிறுவனத்தாரே கலைத்துவிட்டனர். மும்பையின் மகிந்திரா யுனைட்டடுக்கும் 2010-இல் அதே கதி நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு வரியாக மட்டும் கழகம் இருக்குமாயின், அவ்வரியை அடித்துவிட ஒரு பேனா போதும். மீண்டும் தொடங்க ஊரார் கையில் உரிமை ஏதுமிராது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனியொரு படிப்பினை உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், இங்கே ஒரு சங்கத்தை நிறுவி, அதனை நம் வீடாக்கிக் கொண்டோம். ஆண்டு விழாவில் முன்வரிசைகள் காலியாக இருக்கக் கண்டால், “இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாட்டமில்லை” என்று எளிதில் தீர்ப்புரைத்து விடுகின்றோம். விழா நாளையும் இடத்தையும் முடிவு செய்தபோது அவர்களைக் கேட்டோமா? அவர்களுள் ஒருவர்க்கேனும் செயற்குழுவில் இடம் தந்தோமா? நாடக மேடையின் திரையை இழுக்கவாவது அழைத்தோமா? விம்பிள்டன் ரசிகர்கள் நமக்குக் கற்பிப்பது இதுவே: வாராதவர் யாவரும் மறந்தவர் அல்லர். அழைக்கும் முறையில் அழைத்தால், புதிதாய்ப் பிறந்து நான்கு கோலில் தோற்கும் கழகத்திற்கும் நாலாயிரம் பேர் வருவர்.

ஆகவே இவ்வாண்டு விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கும் வேளையில், வந்தோர் தொகையை எண்ணுவதோடு நில்லாது, வாராத குடும்பங்களின் பட்டியலையும் நம் செயற்குழு எடுத்து வைத்துக்கொள்ளுமாக. அடுத்த ஞாயிறு தொடங்கி, அப்பட்டியலில் உள்ள வீடுகளுக்கு நாமே நேரிற் சென்று, “உங்கள் சங்கம், என்ன செய்யலாம் சொல்லுங்கள்” என்று கேட்டு வருவோம்.